கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? கோவைக்கு பஸ் ஏறுமுன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் கெட்டால் முதல் செலவு பஸ் டிக்கெட். சின்னச் சாமான்கள் இங்கே மார்க்கெட்டிலேயே கிடைத்துவிடும். பழைய மாடல் ராம் (மெமரிப் பட்டை), மதர்போர்டு (எல்லாப் பாகமும் வந்து மாட்டும் பெரிய போர்டு) என்றால் மேட்டுப்பாளையம் இறங்கி, காந்திபுரம் போய், கிராஸ்கட் ரோடு பக்கம் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். போக வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும். தப்பான பாகத்தை வாங்கி வந்தால் இன்னொரு நாள்.

அப்படி ஒரு நாளை நானே தொலைத்திருக்கிறேன். அரவேணு பக்கம் ஒரு டீச்சர் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல உசிரே இல்ல. நேத்து இடி இடிச்சுதுல்ல, அதுலதான் போயிருக்கும்." இடி என்றதும் எனக்கும் எஸ்.எம்.பி.எஸ்.தான் (சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் பெட்டி) என்று தோன்றிவிட்டது. போய்ப் பார்க்கவே இல்லை. அந்த வாரம் கோவை போனவன் ஒன்று வாங்கி வந்து, மாட்டி, பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. டீச்சர் டீயைக் கொண்டு வந்து வைத்தபடி, "அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இப்ப செல்போன் கூட சார்ஜ் ஏற மாட்டேங்குது தம்பி" என்றார். பாக்ஸின் சுவிட்ச் உள்ளே கருகிப் போயிருந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ். நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் ஒரே கேள்வி: ஆன் ஆகலைன்னா, அமுக்கினதும் என்ன ஆகுது? பதில் எப்போதும் ஏழெட்டு விதம்தான். அந்தப் பதில்களையே கீழே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். உங்கள் மெஷினுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

முதலில் ஈரம்

குளிர்ந்த உலோகத்தின் மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் நீர் பூக்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பது இதனால்தான். கம்ப்யூட்டருக்குள்ளும் இது நடக்கும். மூடுபனியில் ஜன்னலைத் திறந்து வைத்ததால் மெஷின் கெட்டது என்று பலர் சொல்வார்கள். அதைவிட ஆபத்தானது வேறொன்று: பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்து, வீடு முழுக்க ஆவி சூழ்ந்த நேரத்தில் கம்ப்யூட்டரைத் தட்டுவது. பத்து நாள் குளிரை வாங்கிய ஹீட்சிங்க்கும் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) போர்டும் அந்த ஆவியை அப்படியே இழுத்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

கோவையில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒரு தடவை ஊருக்கு வருபவர்கள் இதைக் கவனியுங்கள். வீடு சூடாகி மூன்று நான்கு மணி நேரம் போன பிறகு ஆன் செய்தால் போதும். ஈரம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, ஒரு அடி தள்ளி 40 வாட் குண்டு பல்பை ராத்திரி முழுக்க எரியவிடுங்கள். பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க பல்பு போடும் வீடுகளில் இந்த வித்தையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரி அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், புகைக்கரி உள்ளே படியும். ஈரமான மெஷினை "ஆன் செய்து ஓடவிட்டால் சூட்டில் காய்ந்துவிடும்" என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துவிடும். காயவைத்தால் பிழைத்திருக்கும் போர்டு அதோடு போய்விடும்.

பாதுகாப்பு பற்றி இரண்டே விஷயம். எதைக் கழற்றுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே நிற்கும்.

"சுத்தமா உசிரே இல்ல"

விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. இங்கே மெஷினைத் திறக்கவே அவசரப்படக் கூடாது. அதே பிளக் பாயிண்டில் டேபிள் லேம்ப்பை மாட்டிப் பாருங்கள். யூ.பி.எஸ்., ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். பேட்டரி செத்த யூ.பி.எஸ். சுவரில் கரண்ட் இருந்தாலும் சில சமயம் ஆன் ஆகாது. மானிட்டரின் பவர் கேபிள் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும், மாற்றிப் பார்க்க அதுவே போதும்.

லேம்ப் எரிகிறது, ஆனால் மங்கல் என்றால் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில், சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடும் நேரத்தில் 170 வரை இறங்கி நானே பார்த்திருக்கிறேன். மலிவான எஸ்.எம்.பி.எஸ். அதில் எழுந்திருக்காது. மத்தியானம் ஓடி ராத்திரி மட்டும் படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் ஸ்டெபிலைசர்தான். லேபிளில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால் அதுகூடத் தேவைப்படாது.

பழைய எஸ்.எம்.பி.எஸ். பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் 115-க்குத் தள்ளியிருந்து நீங்கள் ஆன் செய்திருந்தால் டமால் என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும், மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம்.

இவ்வளவும் சரி என்றால் திறக்கலாம். பிளக்கை மாட்டிய நிலையில் மதர்போர்டின் மூலையில் ஒரு குட்டி விளக்கு எரிகிறதா? எல்லா போர்டிலும் இருக்காது. இருந்து எரிந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காத்திருப்பு மின்சாரமான 5 வோல்ட் வந்துகொண்டிருக்கிறது. அப்போது நான் முதலில் சந்தேகப்படுவது முன்பக்கப் பவர் பட்டனைத்தான். ஈரத்தில் துரு பிடித்து உள்ளே ஒட்டாமல் போவது இங்கே சர்வசாதாரணம். பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஜோடி வயர் மதர்போர்டில் இரண்டு பின்களில் மாட்டியிருக்கும், 'பவர் எஸ்.டபிள்யூ.' என்று எழுதியிருக்கும். அதை உருவிவிட்டு அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு விநாடி சேர்த்துத் தொடுங்கள். மெஷின் எழுந்துவிட்டால் பட்டன்தான் குற்றவாளி. கடைக்கெல்லாம் போக வேண்டாம். ரீசெட் பட்டனின் வயரை எடுத்து அந்தப் பின்களில் மாட்டிவிடுங்கள், இனி ரீசெட்தான் பவர் பட்டன். எங்கள் வீட்டு மெஷின் மூன்று வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

விளக்கும் இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, அதிலிருந்து வரும் எல்லாக் கேபிள்களையும் போர்டு, டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். 24 பின் உள்ள பெரிய கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ஒரு முனையைப் பச்சை வயரின் துளையிலும் மறுமுனையைப் பக்கத்தில் உள்ள கருப்பு வயரின் துளையிலும் செருகி, அதன் பிறகு பிளக்கை மாட்டுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. சுற்றாவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. (லோடு குறைவாக இருந்தால் ஃபேனைச் சுற்றவிடாத புது மாடல்களும் உண்டு, அவற்றில் மல்டிமீட்டரை நம்புங்கள்.) உயிர் இருந்தால் மட்டும் போதாது, அளவும் சரியாக இருக்க வேண்டும்: மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. ஊதா வயர்தான் அந்தக் காத்திருப்பு 5 வோல்ட். எல்லா வயரும் கருப்பாக இருக்கும் மாடல்களிலும், தனிவகைக் கனெக்டர் போட்ட கம்பெனி மெஷின்களிலும் இந்தக் கிளிப் சோதனையைக் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள்.

இடி விஷயம். ஏப்ரல், மே கோடை மழையில் இடியின் தாக்கம் கரண்ட் லைனில் மட்டும் வருவதில்லை. டெலிபோன் லைன் வழியாக மோடத்துக்கு வந்து, அங்கிருந்து லேன் கேபிளில் (இன்டர்நெட் வயர்) நேராக மதர்போர்டுக்குள் இறங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேன் கேபிளை மறந்தவர்கள்தான் இங்கே அதிகம். லேன் போர்ட் பக்கத்துச் சிப்பில் கருகிய புள்ளியோ குமிழோ தெரிந்தால் போர்டின் மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். தெரியாவிட்டால் பிரிண்டர், லேன், யு.எஸ்.பி. எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒரு தடவை முயன்று பாருங்கள். ஷார்ட் ஆன ஒரு பிரிண்டரே மெஷினை எழவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கும்.

பைகாராவில் 1930களிலேயே நீர்மின்சாரம் எடுத்த மலை இது. இருந்தும் மழைக்காலத்தில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் சாய்ந்தால் எங்கள் தெரு இருட்டு. கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். போகும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. திரும்பி வரும் அந்த முதல் விநாடிதான் எஸ்.எம்.பி.எஸ்.களைக் கொல்கிறது.

"காலைல மட்டும் மூணு நாலு தடவை அமுக்கினாதான் வருது"

இது முழுக்க நம்ம ஊர் வியாதி. உதகை ஃபிங்கர்போஸ்ட் பக்கம் கணக்கு எழுதும் ஒருவர் வீட்டில் டிசம்பர், ஜனவரி முழுக்க இப்படி. காலை ஏழு மணிக்கு அழுத்தினால் ஃபேன் லேசாக அசைந்து நிற்கும். நான்காவது, ஐந்தாவது முறை எழும். எழுந்துவிட்டால் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லை. அவர் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்: பட்டனை அழுத்திவிட்டு பல் துலக்கப் போவது.

எஸ்.எம்.பி.எஸ். ஆன் ஆனதும் தன் வோல்ட்டுகள் எல்லாம் நிலைத்துவிட்டனவா என்று பார்த்து, 'சரி, கிளம்பலாம்' என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். சாம்பல் நிற வயர் அதற்குத்தான். அந்தச் சிக்னல் வரும்வரை மெஷினின் மூளையான ப்ராசஸர் வேலையைத் தொடங்காது. வோல்ட்டை நிலைநிறுத்தும் வேலை எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுடையது. அவற்றுக்குள் இருப்பது திரவம். வயதானால் அது வற்றும், குளிரில் இன்னும் மந்தமாகும். புதிதாக இருக்கும்போது உறைபனியையும் தாங்கிய கெப்பாசிட்டர், ஆறேழு வருஷம் கழித்து அதே குளிரில் திணறும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கொஞ்சம் சூடேறி, கடைசியில் ஒரு முறை தேறிவிடுகிறது.

இதையே ஈரம் என்று தப்பாக எண்ணிக்கொள்வது சுலபம். பிரித்துப் பார்க்க வானத்தைப் பாருங்கள். உறைபனி விழும் நாள் தெளிந்த வானம், வறண்ட காற்று. அந்த நாட்களில் மக்கர் செய்து, மழை நாளில் ஒழுங்காக எழுந்தால் கெப்பாசிட்டர். அடைமழைக் காலத்தில் மக்கர் செய்து, ஜனவரி வெயிலில் சமர்த்தாக இருந்தால் ஈரம். அது பெரும்பாலும் ராம் முனைகளில் இருக்கும், அடுத்துச் சொல்கிறேன். இன்னொரு சோதனையும் உண்டு. ராத்திரி அணைக்கும்போது சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைக்காமல் விட்டுப் பாருங்கள். காத்திருப்பு மின்சாரம் உள்ளே லேசான சூட்டைத் தக்கவைக்கும். காலையில் முதல் அழுத்தலிலேயே வந்தால் என் பந்தயம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான்.

மாற்றுவதற்கு முன் மதர்போர்டையும் ஒரு பார்வை பாருங்கள். ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் உருளைகளில் எதன் தலையாவது உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கிறதா? 2000களின் முற்பகுதியில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் புகுந்து உப்பி வெடித்தன. அந்தக் கால மெஷின் இன்னும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். உப்பியது போர்டில் என்றால் எஸ்.எம்.பி.எஸ். மாற்றிப் பயனில்லை. கணக்கர் வீட்டில் எஸ்.எம்.பி.எஸ்.தான். மாற்றிய பிறகு பல் துலக்கும் முறையை அவரால் விட முடியவில்லை, அது வேறு.

"ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமில்ல"

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். இதில் பாதிக்கு மேல் செலவே இல்லாமல் சரியாகிவிடும்.

மானிட்டரைத் தனியாக ஆன் செய்தால் 'நோ சிக்னல்' என்று காட்டுகிறதா? காட்டினால் மானிட்டர் நலம். கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். படம் காட்டுவதற்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். வீடு கூட்டிய பிறகு கேபிளை மறுபடி மாட்டும்போது மதர்போர்டு போர்ட்டில் மாட்டிவிடுவார்கள். இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு போர்ட்டில் எப்போதும் படம் வராது. கீபோர்டில் நம்லாக் விளக்கு அழுத்த அழுத்த மாறினால் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கோளாறு காட்சிப் பக்கம் மட்டும்.

அப்புறம் ராம். பிளக்கைப் பிடுங்கி, ராம் ஸ்லாட்டின் ஓரக் கிளிப்பைத் தள்ளி எடுங்கள். கீழ் விளிம்பில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். மங்கியிருந்தால், அல்லது மெல்லிய படலம் தெரிந்தால், பள்ளிக்கூடப் பையில் இருக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் துகளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கையில் இருந்தால் துணியில் நனைத்து ஒரு துடைப்பு. உப்புத்தாள் கூடாது, தங்க முலாம் போய்விடும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதுவதும் கூடாது. நம் மூச்சு முழுக்க ஈரம், எதை எடுக்கப் பார்க்கிறோமோ அதையே உள்ளே ஏற்றுகிறோம். மறுபடி செருகும்போது வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, கிளிப் 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ராம் கழற்றப்பட்ட ராமுக்குச் சமம்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு அடுத்த ஸ்லாட்டில், பிறகு அடுத்த ராம். நான்கு சோதனை. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், மூன்றாவதிலேயே குழம்பிவிடும். ஒரே ராம் எல்லா ஸ்லாட்டிலும் ஏமாற்றினால் ராம் போச்சு. எந்த ராம் போட்டாலும் ஒரே ஸ்லாட் ஏமாற்றினால் ஸ்லாட் போச்சு, அந்த ஸ்லாட்டை மறந்துவிட்டு வாழலாம். டி.டி.ஆர்.5 என்ற புது வகை ராம் உள்ள மெஷினில் ராமைக் கழற்றி மாட்டினால் முதல் தடவை சில நிமிடங்கள் கருப்பு ஸ்கிரீனாகவே இருக்கும். போர்டு ராமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறது, பதறி அணைத்துவிடாதீர்கள்.

மதர்போர்டில் குட்டி ஸ்பீக்கர் இருந்தால் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். 'ராம் இல்லையே' என்று போர்டு கத்த வேண்டும். கத்தினால் ப்ராசஸரும் போர்டும் குறைந்தபட்சம் யோசிக்கும் நிலையில் இருக்கின்றன. ராமே இல்லாமலும் சத்தமில்லை என்றால் விஷயம் பெரியது. பீப் சத்தங்களுக்கு பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கோளாறு. புதிய போர்டுகளில் சத்தத்துக்குப் பதில் நான்கு விளக்குகள்: சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட். எது எரிந்தபடியே நிற்கிறதோ அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது.

"ஒரு செகண்ட் சுத்தி நின்னுடுது"

எங்கோ ஷார்ட், அல்லது ப்ராசஸருக்குக் கரண்ட் போகவில்லை. ப்ராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 பின் உள்ள தனிக் கனெக்டர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா? ப்ராசஸரைக் குளிரவைக்கும் கூலர் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறதா? இரண்டும் சரி என்றால் கழித்தல் கணக்கு. கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், முன்பக்க யு.எஸ்.பி. வயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வைத்து முயலுங்கள். வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான். வராவிட்டால் போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து முயலுங்கள். கேபினெட்டுக்குள் விழுந்த ஒரு ஸ்க்ரூ போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யும்.

எலியும் செய்யும். குளிர்காலத்தில் கேபினெட் அதற்கு நல்ல கதகதப்பான வீடு. பின்னால் கார்டு மூடித் தகடு இல்லாத ஓட்டை ஒன்று போதும். தேயிலைச் சருகும் பேப்பரும் சேர்த்துக் கட்டிய கூட்டை நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். சருகு பரவாயில்லை. எலி மூத்திரம் போர்டில் காய்ந்திருந்தால் ஆல்கஹாலால் துடைத்துப் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் தாமதமாகிவிட்டிருக்கும்.

"தேதி தப்பா காட்டுது, எஃப்1 அமுக்கச் சொல்லுது"

பட்டன் பேட்டரி. சி.ஆர்.2032, 3 வோல்ட். மீட்டரில் 2.5-க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள், இங்கே வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை கடிகாரம் காத்திருப்பு மின்சாரத்தில் ஓடும், பேட்டரிக்கு வேலை இல்லை. இடிக்குப் பயந்து தினம் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் நம் வீடுகளில் ராத்திரி பகலாக அந்தப் பேட்டரிதான் உழைக்கிறது, சீக்கிரம் தீர்கிறது. அதற்காகப் பிடுங்குவதை விட்டுவிட வேண்டாம். பேட்டரி மலிவு.

மாற்றிய பிறகு ஒரு பொறி இருக்கிறது. பயாஸ் அமைப்பெல்லாம் கம்பெனியில் வைத்தபடி ஆகிவிடுவதால், டிஸ்க் முறை ஏ.ஹெச்.சி.ஐ.யிலிருந்து வேறொன்றுக்கோ, பூட் முறை லெகசியிலிருந்து யு.இ.எஃப்.ஐ.க்கோ மாறியிருக்கலாம். டிஸ்க் முறை மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று கத்தும், பூட் முறை மாறினால் பூட் டிவைஸே இல்லை என்று வரும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று இந்த இடத்தில் தப்பாக முடிவு கட்டியவர்கள் நிறைய. பயாஸில் அந்த இரண்டு அமைப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கும், பேட்டரியில் கை வைக்குமுன் அது எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள்.

"பூட் டிவைஸ் இல்லைன்னு வருது"

லோகோ வருகிறது, அப்புறம் கருப்பில் வெள்ளை எழுத்து. பென்டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் உருவுங்கள். பயாஸுக்குள் போய் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசைக் கோளாறாகவோ விண்டோஸ் கோளாறாகவோ இருக்கலாம். தெரியாவிட்டால் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி, போர்ட்டை மாற்றிப் பாருங்கள். அந்தக் கேபிள் வருஷக்கணக்கில் தளர்ந்து போகும் சாமான்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் நிறுத்துங்கள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைப் படிக்கும் தலை, சுழலும் தட்டின் மேல் உரசிக் கல்யாணப் போட்டோக்களைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். சத்தமில்லாமல் மெதுவாகத் திணறும் டிஸ்க் என்றால், உபுண்டு (விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச சிஸ்டம்) போட்ட பென்டிரைவில் மெஷினை எழுப்பி, முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள், பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 'ரீஅலொகேட்டட்', 'பெண்டிங்' என்ற வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) பல சமயம் இப்படி முன்னறிவிப்பெல்லாம் கொடுக்காது, நேற்று இருந்தது, இன்று இல்லை.

"மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் தாங்காதாமே" என்று கேட்பவர்களுக்கு: டிஸ்க்கின் தலை மெல்லிய காற்றுப் படுகையில் மிதப்பது உண்மை, மேலே போகப் போகக் காற்று மெலிவதும் உண்மை. ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் வரைக்கும் என்று குறித்தே விற்கப்படுகின்றன. உதகை சுமார் 2,240 மீட்டர்தான். பழியை உயரத்தின் மேல் போட வேண்டாம்.

"வந்துட்டு நடுவுல போயிடுது"

ஐந்து நிமிடத்தில் அணைந்தால் சூடு: ஹீட்சிங்க்கில் தூசி, ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சுற்றாத ஃபேன். வெளியே குளிர்கிறது என்பதால் இது இங்கே வராது என்று நினைக்காதீர்கள். நேரம் காலமில்லாமல் நீலத்திரை வந்தால் மெம்டெஸ்ட்86+ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ராமைச் சோதியுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் பெரும்பாலும் ராம் கெட்டது என்றுதான் அர்த்தம். கேம் ஆடும்போது மட்டும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். வாட் போதாமல் இருக்கலாம்.

எல்லாம் பார்த்தாச்சு

எஸ்.எம்.பி.எஸ். நலம், ராம் நலம், கார்டு இல்லாமலும் வரவில்லை, பேட்டரி புதுசு. இப்போதுதான் மதர்போர்டைச் சொல்லலாம். ப்ராசஸர் தானாகச் சாவது மிக அரிது, அதைக் கடைசிக்கும் கடைசியில் வையுங்கள். போர்டில் ஸ்லாட்டுகளுக்கு நடுவே பெரிய எழுத்தில் மாடல் எண் இருக்கும். அதையும், ராமின் ஸ்டிக்கரையும், எஸ்.எம்.பி.எஸ். லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனைக்கு என்ன ஆனது என்று எழுதிய தாளையும் கையில் வையுங்கள். அது இருந்தால் கடையில் உங்களிடம் தேவையில்லாததை விற்பது கஷ்டம்.

மெஷினையே கொண்டுபோவதாக இருந்தால், கம்பளி சுற்றுவதற்கு முன் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். கம்பளிக்குள் மலைக் குளிர் அப்படியே உட்கார்ந்திருக்கும். மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் இறங்கியதும் திறந்தால், முதலில் சொன்ன அந்த வியர்வைதான் உள்ளே பூக்கும். கடைக்காரர் வாங்கியதும் கவரைக் கிழித்துப் பிளக்கைத் தேடுவார். "அண்ணா, இது மலையில இருந்து வருது, கவரோட கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எதிரே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கவரின் மேல் கை வைத்தால் உள்ளே சில்லிப்பு இல்லாமலிருக்க வேண்டும். அப்புறம் போடலாம்.